தரையேறிய படகு

சிக்கந்தராபாத்திலும் ஹைதராபாத்திலும் வாழும் தமிழன்பர்கள், மழைக்காலத்தில் உசேன் சாகர் ஏரியில் பாய்மரப் படகுகள் பந்தயமிடுவதைக் கண்டிருப்பார்கள். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் இழுவண்டியில் ஏற்றி, 600 கிலோமீட்டருக்கும் மேலாகத் தரைவழியே கொணரப்படும் படகுகளும் உண்டு. காற்றையும் அலையையும் தாங்கும் படகுக்குச் சாலை ஒரு பொருட்டா என்று தோன்றலாம். ஆனால் சிறு படகுகள் பல ஊறுபடுவது நீரில் அன்று, தரையில்தான்.

நீர் படகின் அடிப்பாகம் முழுவதையும் ஒருசேர ஏந்துகிறது. வண்டியிலோ நாலைந்து இடங்களே பாரம் முழுவதையும் சுமக்கின்றன. அவ்விடங்கள் எவை என்பதே கேள்வி.

படகின் அடியில், முன்னிருந்து பின்வரை முதுகெலும்புபோல் ஓடுவது ஏரா. எடை அதன்மேல் இறங்க வேண்டும். பக்கத் தாங்கிகள் படகு சாயாதிருப்பதற்கே; தொட்டுக்கொண்டிருந்தாற் போதும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். பக்கத் தாங்கிகளை உயர்த்தி இறுக்கவே, மெல்லிய உடற்பகுதி உள்வாங்குகிறது. கண்ணாடியிழைப் படகு அவ்வாறே பல மாதங்கள் வெயிலில் நின்றால் பள்ளம் நிலைத்துவிடும். கண்ணுக்கு அது எளிதில் புலப்படாது. நீரோட்டமோ அங்கே குலைந்து, வேகம் குன்றும். மரப்படகாயின் இணைப்புகள் நெகிழ்ந்து நீர் கசியும். இதற்கு ஒரு விலக்கும் உண்டு: லேசர் போன்ற இலேசான படகுகளை அடியில் தாங்குவதினும் பக்க விளிம்புகளின் கீழே தாங்குவதே நன்று.

உள்ளே குறுக்குச்சுவரோ விலாக்கட்டையோ இருக்குமிடத்திற்கு நேர்கீழே தாங்கியை அமைத்தால், பாரம் வலிய சட்டகத்தைச் சேரும். பின்பலகைக்கு அடியிலும் தாங்கி வேண்டும். இன்றேல் ஒவ்வொரு குழியிலும் பின்புறம் துள்ளித் தொய்யும். கம்பளம் சுற்றிய அகன்ற பலகை சிறந்தது. ரப்பர் உருளைகள் ஏற்றி இறக்கப் பயன்படுமேயன்றி, நெடுநாள் சுமக்க ஏற்றவை அல்ல. கட்டும் பட்டை தாங்கிக்கு நேர்மேலே செல்லட்டும். முறுக்கி இறுக்குவது வேண்டா. வலிவு காட்டுமிடம் அதுவன்று.

மழைநீரை மறத்தலாகாது. ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்த எண்டர்பிரைஸ் வகைப் படகின் எடை ஏறத்தாழ 90 கிலோ. அதனுள் 100 லிட்டர் நீர் தேங்கினால் தாங்கிகள் இரு மடங்குக்கு மேல் சுமக்க நேரும். ஆகவே முன்புறத்தை உயர்த்தி, வடிகால் அடைப்பைத் திறந்தே நிறுத்துக.

புறப்பட்டு 20, 30 கிலோமீட்டர் சென்றதும் ஒருமுறை வண்டியை நிறுத்திப் பட்டைகளைத் தொட்டுப் பார்த்தல் நலம். முதற் குலுக்கலிலே படகு தாங்கிகளில் நன்கு அமர்ந்திருக்கும், கட்டுகள் நெகிழ்ந்திருக்கும்.