கடலோர ஈரநிலங்களைச் சீர்படுத்த அரசு நிதி: கிராமங்கள் செய்ய வேண்டியது என்ன?

புதுக்கோட்டை மாவட்டம் என்றால் கண்மாய்ப் பாசனமும் வானம் பார்த்த பூமியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இம்மாவட்டத்துக்குக் கடற்கரையும் உண்டு. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், முத்துக்குடா என்று சுமார் 40 கிலோ மீட்டர் நீளத்துக்குப் பாக் விரிகுடாவை ஒட்டிய கரை இது. இக்கரையில் உள்ள உப்பங்கழி, சேற்று வெளி, ஆற்று முகத்துவாரம், அலையாத்தித் திட்டு ஆகியவற்றையே இப்போது கடலோர ஈரநிலம் என்று சொல்கிறார்கள். இவற்றைச் சீர்படுத்த மத்திய, மாநில அரசுகள் நிதி ஒதுக்குகின்றன. அந்த நிதி நம் கிராமத்துக்கு வர என்ன வழி என்பதை மணமேல்குடி, ஆவுடையார்கோவில் பகுதி விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

விவசாயிக்கு இதில் என்ன லாபம்?

சேறும் முள்ளுமாகக் கிடக்கும் இடத்தைச் சீர்படுத்தி நமக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். தெற்கு வெள்ளாறும் பல காட்டாறுகளும் கண்மாய்க் கலுங்குகளின் உபரி நீரும் இந்த ஈரநிலங்கள் வழியாகத்தான் கடலைச் சேருகின்றன. கல்லணைக் கால்வாயின் கடைமடையும் நாகுடி, மும்பாலைப் பகுதிதான். முகத்துவாரம் மணல் மேடிட்டாலும், வடிகாலை மறித்து யாராவது கரை போட்டாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் வடியாது. கதிர் பிடிக்கும் பயிர் நாள் கணக்கில் மூழ்கிக் கிடக்கும். அதே வடிகாலில் கோடையில் நன்னீர் ஓட்டம் நின்றுவிட்டால் உப்பு நீர் உள்ளே ஏறும். முதலில் கிணறு கரிக்கும். பிறகு வயல் உவர் பூக்கும்.

அலையாத்தி மரங்கள் கடல் அரிப்பையும் புயல் அலையின் வேகத்தையும் குறைக்கின்றன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எனவே கடலோர ஈரநிலம் மீனவர்களுக்கு மட்டுமே உரிய பிரச்சினை அன்று. கடைமடை வயலுக்குக் காவல் அதுதான்.

பணம் யார் கைக்கு வரும்?

இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றுக்கோ டிராக்டருக்கோ மானியம் கேட்பது போல, தனி விவசாயி விண்ணப்பம் போட்டு ஈரநில நிதியைத் தம் வங்கிக் கணக்கில் பெற முடியாது. இந்நிதி மாநில அரசு வழியாக வனத்துறைக்கோ வேறு துறைக்கோ வரும். துறை கிராமக் குழுவைச் சேர்த்துக்கொண்டு வேலையைச் செய்யும். கிராமத்துக்குக் கிடைப்பது கூலி வேலை, சீர்பட்ட வடிகால், காப்பாற்றப்பட்ட நிலம் ஆகியவையே. "ஏக்கருக்கு இவ்வளவு வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம்.

தனி விவசாயியால் ஒன்றும் ஆகாது என்றும் எண்ண வேண்டாம். எந்த இடத்தைச் சீர்படுத்துவது என்று அதிகாரிகள் திட்டம் வகுக்கும்போது, விவரத்தோடு கேட்டிருக்கும் கிராமத்தின் பெயர் கண்ணில் படும். கேட்காத கிராமத்தின் பெயர் எப்படித் தெரியும்?

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள்

மனு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை நிலத்தின் வகையே தீர்மானிக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண், பரப்பு, நிலத்தின் வகை ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

1. அலையாத்திக் காடு, காப்புக் காடு, கடலோரப் புறம்போக்கு: மாவட்ட வன அலுவலர் வழியாக மாவட்ட ஆட்சித் தலைவருக்கு மனு செய்ய வேண்டும்.

2. பாசனக் கண்மாய், அதன் வரத்துக் கால்வாய், கலுங்கு ஓடை: 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் பாசனத்துக்காக வெட்டிய நீர்நிலைகளையும், நெல் வயல்களையும், உப்பளங்களையும் ஈரநிலம் என்று கணக்கில் கொள்வதில்லை. ஆகையால் கண்மாய்க்கு ஈரநில நிதி கேட்டு மனு செய்தால் அது திரும்பி வரும். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்க்கு நீர்வளத் துறையையும், அதற்குக் குறைந்ததற்கு ஊராட்சி ஒன்றியத்தையும் அணுக வேண்டும்.

3. பட்டா நிலம்: உவர் ஏறிய சொந்த நிலத்துக்கு வேளாண்மைத் துறையையும் வேளாண் பொறியியல் துறையையும் அணுகலாம். பண்ணைக்குட்டை அமைக்க உதவி உண்டு. ஆனால் கடலோரத்தில் குட்டையை ஆழமாகத் தோண்டக் கூடாது. மேலே நிற்கும் நன்னீருக்கு அடியில் உப்பு நீர் இருக்கும். ஆழம் கூடினால் அது மேலே வந்துவிடும்.

எந்தெந்தத் திட்டங்கள்?

அலையாத்திக் காடுகளுக்கென்றே மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று 'மிஷ்டி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 540 சதுர கிலோ மீட்டர் பரப்பில், 2023-24 முதல் 5 ஆண்டுகளில், அலையாத்தி வளர்ப்பது இதன் நோக்கம். ஊரக வேலைத் திட்டத்தையும் காடு வளர்ப்பு ஈட்டு நிதியையும் இணைத்துச் செய்யும் திட்டம் என்பதால், வாய்க்கால் வெட்டும் வேலையை உள்ளூர் ஆட்களுக்கே கேட்டுப் பெற வழி உண்டு.

2013-இல் மத்திய அரசு வகுத்த நீர்வாழ் சூழல் பாதுகாப்புத் திட்டத்தில் மத்திய அரசுக்கு 60 பங்கு, மாநில அரசுக்கு 40 பங்கு என்று செலவு பிரிக்கப்பட்டது. இதற்கான திட்ட அறிக்கையை மாநில அரசுதான் அனுப்ப வேண்டும்.

தமிழக அரசு 100 ஈரநிலங்களைத் தேர்ந்து சீர்படுத்த ஈரநில இயக்கத்தை 2021-இல் அறிவித்தது. கடலோர மாவட்டங்களுக்கென நெய்தல் மீட்சி இயக்கமும் உலக வங்கிக் கடனுதவியோடு வகுக்கப்பட்டுள்ளது. தமிழகத்தில் இராம்சார் தகுதி பெற்ற 20 ஈரநிலங்களில் ஒன்றுகூட நம் மாவட்டத்தில் இல்லை. ஆனால் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 21 அன்று அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோ மீட்டர் கடற்பரப்பு ஆகும். கடற்பசு மேயும் கடற்புல்லைக் கரையிலிருந்து வரும் சேறு மூடாமல் தடுப்பவை முகத்துவார ஈரநிலங்களே. இந்த நியாயத்தை மனுவில் தவறாமல் குறிப்பிட வேண்டும்.

மனுவில் இருக்க வேண்டியவை

• புல எண், பரப்பு, நிலத்தின் வகை, புல வரைபட நகல்.
• 20, 30 ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்ற விவரம். பெரியவர்களைக் கேட்டு எழுதலாம்.
• நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே அடைபடுகிறது என்று காட்டும் கைப்பட வரைந்த படம்.
• மூழ்கிய வயல்களின் பரப்பும் ஆண்டும்; உப்பேறிய கிணறுகளின் எண்ணிக்கை. அரசு மண் பரிசோதனை நிலையத்தில் நீரையும் மண்ணையும் சோதித்த சீட்டு இருந்தால் மனுவுக்கு வலு கூடும்.
• கேட்கும் வேலை இன்னது என்ற விவரமும், வேலை முடிந்தபின் கிராமம் ஏற்கும் பொறுப்பும்.
• கிராம சபைத் தீர்மானத்தின் நகல்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. மார்ச் 22 உலக தண்ணீர் நாள் ஆதலால் இத்தகைய தீர்மானத்துக்குப் பொருத்தமான நாள். விவசாயிகளும் மீனவர்களும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒரு சாரார் கேட்டு மறு சாரார் எதிர்த்தால் வேலை நின்றுவிடும். தீர்மான நகலுடன் மனுவை மாவட்ட ஆட்சித் தலைவர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள்.

எந்த வேலையைக் கேட்பது?

மரக்கன்று நடுவதை மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. முத்துப்பேட்டை, பிச்சாவரம் அனுபவம் நமக்குப் பாடம். வெள்ளைக்காரர் காலம் தொட்டு அங்கே அலையாத்தி மரங்களைப் பகுதி பகுதியாக மொட்டை அடித்து வெட்டினார்கள். வெட்டிய இடம் அமிழ்ந்து தட்டுப்போல் ஆயிற்று. உள்ளே வந்த கடல் நீர் வெளியேறாமல் வெயிலில் வற்றி உப்பு மிகுந்தது. பிறகு அங்கே எதுவும் முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமக் குழுக்களும் சேர்ந்து, நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் அதன் இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்களுமாக, மீன் முள் வடிவில் வெட்டினார்கள். கடல் நீர் ஏறி இறங்கி உப்பைக் கழுவியது. அதன் பிறகே நடவு பிடித்தது.

ஆகவே முதலில் நீரோட்டத்தைக் கேளுங்கள்: முகத்துவாரத் தூர் எடுத்தல், மறித்த கரையை அகற்றுதல், சீமைக் கருவேல் அடைத்த ஓடையைத் திறத்தல். நடவு அதற்குப் பின்புதான். அலையாத்தி விதை வடகிழக்குப் பருவமழைக் காலத்தை ஒட்டி முதிர்வதால், வாய்க்கால் வேலை கோடையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை

நிதி வரும் வரை ஈரநிலத்தில் தாமாகக் கரை போடவோ மண் அள்ளவோ கூடாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பின்படி அலையாத்தி உள்ள இடம் மிகுந்த பாதுகாப்புக்கு உரியது. இறால் பண்ணைக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். வடிகாலை மறித்த பண்ணை இருந்தால் அதன் புல எண்ணையும் மனுவில் சேர்க்கலாம். கடற்புல் இருக்கும் ஆழமற்ற கடலிலும், அலையாத்தி எக்காலத்திலும் வளராத மணல் மேட்டிலும் கன்று நடுவது பண விரயம்.

வேலை முடிந்தபின் வாய்க்கால் மறுபடி தூராமல் பார்ப்பது கிராமத்தின் கடமை. குடிமராமத்து நம் முன்னோருக்குத் தெரிந்த வழிதான். கண்மாய்க்குச் செய்ததைக் கழிமுகத்துக்கும் செய்ய வேண்டும். வரும் கிராம சபைக்கு முன் புல எண்களை எழுதி வையுங்கள்.