கடன் கொடுப்பவரின் கண்

வங்கியில் நாம் செலுத்தும் பணம், செலுத்திய நொடியிலேயே வங்கியின் பணமாகிவிடுகிறது. நம்மிடம் எஞ்சுவது அதைத் திரும்பப் பெறும் உரிமை மட்டுமே. 1848ஆம் ஆண்டு ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை இவ்வுறவை ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்தது: வங்கியர் கடனாளி, வாடிக்கையாளர் கடன் கொடுத்தவர். இந்தியச் சட்டமும் இக்கொள்கை வழியிலேயே நடக்கிறது. ஆகவே வங்கியைத் தேர்ந்தெடுப்பது என்பது, நம் உழைப்பின் சேமிப்பை யாருக்குக் கடனாகக் கொடுப்பது என்று முடிவு செய்வதாகும். நாம் கடன் கேட்டுச் சென்றால் வருமான வரிக் கணக்கு, சொத்துப் பத்திரம், சிபில் மதிப்பெண் எனத் துருவித் துருவிப் பார்க்கிறது வங்கி. அதே வங்கிக்கு நாம் கடன் கொடுக்கும்போது கேட்பதோ, வட்டி எவ்வளவு என்ற ஒரே கேள்வி. இது போதாது.

வங்கியின் இயக்கத்தில் அடிப்படையான ஓர் இடர் உண்டு. சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தைக் கேட்ட அன்றே கொடுத்தாக வேண்டும். அப்பணத்தைக் கொண்டு வழங்கிய வீட்டுக்கடனோ இருபது ஆண்டுகளில் சிறுகச் சிறுகத் திரும்பும். இந்தக் கால இடைவெளியைத் தாங்கிக்கொள்வதே வங்கித் தொழில். அமெரிக்கப் பொருளியலறிஞர்கள் டக்ளஸ் டயமண்டும் பிலிப் டிப்விக்கும் 1983இல் இதனைக் கணித வடிவில் விளக்கினர். எல்லாரும் நம்பிக்கையோடு இருந்தால் வங்கி நிலைக்கும். பிறர் எடுத்துவிடுவர் என ஒவ்வொருவரும் அஞ்சினால், நல்ல நிலையில் உள்ள வங்கியும் சாயும். இவ்விரண்டுமே சமநிலைகள் என்பதுதான் அவர்களது கண்டுபிடிப்பின் உயிர்நாடி. பென் பெர்னான்கியுடன் அவ்விருவருக்கும் 2022இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர்கள் சொன்னது கண்முன் நிகழ்ந்தது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வாடிக்கையாளர்கள் எடுக்க முனைந்தனர். மறுநாள் வங்கி மூடப்பட்டது. அதன் வைப்புத்தொகையில் மிகப் பெரும்பகுதி காப்பீட்டு வரம்பான 2,50,000 டாலருக்கு மேற்பட்டது. அதனால்தான் அச்சம் அவ்வளவு விரைவாகப் பரவியது.

எனில், வெளியே இருந்து பார்க்கும் நமக்கு வங்கியின் உடல்நிலை எப்படித் தெரியும்? ஒவ்வொரு காலாண்டிலும் வெளியிடப்படும் நிதிநிலை முடிவுகளில் இரண்டு எண்களைப் பார்த்தாலே பாதி உண்மை விளங்கும். முதலாவது மூலதனப் போதுமை விகிதம். வங்கி கொடுத்த கடன்களில் இழப்பு நேர்ந்தால், வைப்பாளரைத் தொடுமுன் அதைத் தாங்கும் சொந்தப் பணத்தின் அளவு அது. இந்திய ரிசர்வ் வங்கி விதித்த அடிப்படை அளவு 9 விழுக்காடு, அதன்மேல் 2.5 விழுக்காடு காப்புத் தொகையும் வணிக வங்கிகள் வைத்திருக்க வேண்டும். இரண்டாவது நிகர வாராக்கடன். தவணை 90 நாள்களைக் கடந்தும் வராத கடன்களிலிருந்து, ஒதுக்கீடு செய்த தொகையைக் கழித்தபின் எஞ்சுவது. முதல் எண் சரிந்துகொண்டும் இரண்டாம் எண் ஏறிக்கொண்டும் இருந்தால், அவ்வங்கி தரும் கூடுதல் வட்டியை நான் ஊதியமாகக் கருதமாட்டேன். இடருக்குக் கொடுக்கும் விலையாகவே கருதுவேன்.

1926இல் கரூரில் வணிகர்கள் சிலர் கூடித் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் வரலாறு இதற்குச் சான்று. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதனை உடனடித் திருத்த நடவடிக்கையின்கீழ்க் கொண்டுவந்தது. வாராக்கடன் மிகுதியும் மூலதனக் குறைவும் தொடர்ந்த இழப்பும் அப்போதே காரணங்களாக வெளிப்படையாகச் சொல்லப்பட்டன. 2020 ஜூன் இறுதியில் மூலதன விகிதம் 0.17 விழுக்காடாக இறங்கியது. நவம்பர் 17 அன்று, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற தடை வந்தது. பத்து நாள்களில் அவ்வங்கி டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. வைப்பாளர் பணம் முழுவதும் காப்பாற்றப்பட்டது. பங்குதாரர் முதலீடு அடியோடு போயிற்று. எண்கள் ஓராண்டுக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருந்தன. அவற்றைப் படித்தவர்கள் அந்தப் பத்து நாள் தவிப்பிலிருந்து தப்பினர்.

எண்களை எவ்வளவு ஆராய்ந்தாலும் காப்பீட்டின் எல்லையை அறியாமல் பணம் போடக்கூடாது. 1960இல் பாலை மத்திய வங்கி வீழ்ந்ததன் பின்னணியில், 1962இல் நம் நாட்டில் வைப்புக் காப்பீடு தொடங்கியது. அப்போது வரம்பு 1,500 ரூபாய். 1993 முதல் ஒரு லட்சமாக இருந்தது. 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சம். இது அசலும் வட்டியும் சேர்ந்த தொகை. ஒரு வங்கியில் எத்தனை கிளைகளில் கணக்கு இருந்தாலும் ஒருவருக்கு மொத்தமாக இவ்வளவே. ஆகவே சரியாக ஐந்து லட்சத்தை நிலை வைப்பாகப் போடுவோருக்கு, அதன் வட்டி முழுவதும் காப்புக்கு வெளியே நிற்கிறது.

இதில் பலர் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. மளிகைக் கடையைத் தம் ஒருவர் உரிமையில் நடத்துபவர், கடையின் பெயரில் நடப்புக் கணக்கும் தம் பெயரில் சேமிப்புக் கணக்கும் ஒரே வங்கியில் வைத்திருந்தால், காப்பீட்டுக்கு அவை இரண்டும் ஒன்றே. கூட்டு நிறுவனமாக இருந்தால் நிறுவனத்தின் கணக்கு தனி, பங்காளியின் கணக்கு தனி. கணவன், மனைவி கூட்டுக் கணக்கில் பெயர்களின் வரிசை மாறினாலும் அது தனிக் கணக்காகவே கொள்ளப்படுகிறது. நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இக்காப்பு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இல்லை.

பாதுகாப்பு உறுதியான பிறகே வசதியைப் பேச வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குக் கிளை எவ்வளவு அருகில் உள்ளது, குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, தவறினால் என்ன கட்டணம் என்பவை போதும். வட்டி விகிதங்களை ஒப்பிடும்போது கூட்டும் முறையையும் பார்க்க வேண்டும்: 7 விழுக்காட்டைக் காலாண்டுதோறும் கூட்டினால் ஆண்டுக்கு 7.19 ஆகிறது.

தொழில் செய்வோருக்கோ கேள்விகள் முற்றிலும் வேறு. ஈரோட்டில் விசைத்தறி நடத்தும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நூலைப் பெரும்பாலும் ரொக்கத்துக்கு வாங்குகிறார். காடாத் துணியைத் தொண்ணூறு நாள் தவணைக்கு விற்கிறார். இடைப்பட்ட காலத்தில் கூலியும் மின்கட்டணமும் காத்திருக்கா. அவருக்கு வேண்டியது தொழில் வட்டாரத்தில் ‘சிசி’ எனப்படும் ரொக்கக் கடன். வங்கி 25 லட்சம் வரம்பு ஒப்புக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவையும் அவர் எடுத்துவிட முடியாது. மாதந்தோறும் கொடுக்கும் இருப்புப் பட்டியலில் நூலும் துணியுமாகச் சரக்கு 20 லட்சம். அதில் நூல்காரருக்குத் தரவேண்டிய பாக்கி 4 லட்சம். எஞ்சிய 16 லட்சத்தில் அவரது சொந்தப் பங்காக 25 விழுக்காட்டைக் கழித்தால் 12 லட்சம். வரவேண்டிய பாக்கி 10 லட்சத்தில் 40 விழுக்காடு கழித்தால் 6 லட்சம். ஆக எடுக்கக்கூடியது 18 லட்சமே. வாங்கியவர்களில் ஒருவர் 4 லட்சத்தைத் தொண்ணூறு நாளுக்குமேல் இழுத்தடித்தால் அத்தொகை கணக்கிலிருந்து விழுகிறது. எடுக்கக்கூடியது 15 லட்சத்து 60 ஆயிரமாகச் சுருங்குகிறது. பணம் மிகவும் தேவைப்படும் வேளையில்தான் இச்சுருக்கம் நேர்கிறது.

ஆகவே அரை விழுக்காடு வட்டிக் குறைவைத் துரத்துவதைவிட, கழிவு விழுக்காடு எவ்வளவு, பாக்கியை எத்தனை நாள்வரை ஏற்பார்கள், தீபாவளிக்கு முன் தற்காலிகக் கூடுதல் வரம்பு வேண்டுமென்றால் கிளை மேலாளரே முடிவெடுப்பாரா, மண்டல அலுவலகத்துக்குக் கோப்பு போகவேண்டுமா என்று கேட்டறிவதே அவருக்குப் பயன் தரும். துணியை ஏற்றுமதி செய்யும் எண்ணமும் இருந்தால், அக்கிளை அந்நியச் செலாவணி கையாள இசைவு பெற்றதா என்பதையும் கணக்குத் தொடங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாக் கிளைகளுக்கும் அவ்விசைவு இருப்பதில்லை.