நயினாதீவில் ஓர் ஊராத்துறைக் கல்

ஆனி உற்சவத்துக்கு குறிகட்டுவான் துறையில் நிற்க இடம் இருக்காது. லோஞ்சுகள் சனத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாக ஓடும். நயினாதீவில் இறங்கினால் எதிரே கோபுரம். அர்ச்சனை, நேர்த்தி, பிறகு அமுதசுரபி மடத்தில் சோறு, அடுத்த லோஞ்சுக்கு ஓட்டம். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் போய் வந்தேன். அந்த நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருப்பது எனக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைத் தேடி வந்தவர் என்று இன்றுவரை ஒருவரையும் நான் அங்கே சந்தித்ததில்லை.

கல் இருப்பது நயினாதீவில். பேசுவது ஊர்காவற்றுறையைப் பற்றி. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த கட்டளை அது. முடிவில் மட்டும் வடமொழி. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை வாசித்து வெளியிட்டார்.

பரதேசிகள் ஊராத்துறைக்கு, அதாவது ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும், தங்கவேண்டும், அவர்களுக்குக் காப்பு இருக்கவேண்டும் என்கிறது கல். ஆனை, குதிரை ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மற்ற மூன்று பங்கும் உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் என்றால் ஆளுக்குச் செம்பாதி. ஆனை குதிரை மேல் தனக்குள்ள விருப்பத்தையே அரசன் காரணமாகச் சொல்கிறான்.

பாதியை எடுப்பதா கருணை என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஆந்திரக் கரையில் உள்ள மோட்டுப்பள்ளிக் கல்வெட்டைப் பற்றிப் படித்த பிறகுதான் விளங்கியது. புயலில் கரையொதுங்கிய கப்பலின் பொருள் முழுவதையும் முந்தைய அரசர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று 1244இல் காகதீய கணபதிதேவன் அதில் சொல்கிறான். சுங்கம் தவிர இனி ஒன்றும் எடுப்பதில்லை என்பது அவன் வாக்கு. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியே, முழுவதும் எனக்கே என்று சொல்லாத ஒரு சட்டம் எங்கள் துறைமுகத்துக்கு இருந்திருக்கிறது.

அந்தத் துறைக்கு எங்கிருந்தெல்லாம் கப்பல் வந்ததோ! பக்கத்து அல்லைப்பிட்டியில் 1977இல் தோண்டியபோது சீனத்துச் சொங் அரச காலத்துப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. அரசன் விரும்பிய யானைகளும் கடல்வழியேதான் வந்தன. பர்மாவின் மேல் பராக்கிரமபாகு படை அனுப்பியதற்கு யானை வியாபாரத் தகராறும் ஒரு காரணம் என்கிறது சூளவம்சம். அன்று யானை வந்து இறங்கிய துறையில் பின்னாளில் வன்னி யானைகளை ஏற்றினார்கள். யானைத்துறை என்று பொருள்படப் போர்த்துக்கேயர் இட்ட பெயர்தான் குறுகி, ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரான ‘கயிட்ஸ்’ ஆயிற்று.

இன்று ஊர்காவற்றுறையில் நின்றால், அக்கரைக் காரைநகருக்குப் போகும் ‘பாதை’ என்ற மிதவை தெரியும். சைக்கிளோடும் மோட்டார் சைக்கிளோடும் ஆட்கள் அதில் ஏறுவார்கள். கடலுக்கு நடுவே கடற்கோட்டை. இப்போது கடற்படை நடத்தும் விடுதி. ஊருக்குள் நடந்தால் கூரையில்லாத கல்வீடுகள். 1990இல் படையினர் வந்தபோது ஊரை விட்டுப் போன சனத்தில் பலர் திரும்பவேயில்லை.

கல்லில் உள்ள ‘பரதேசி’ என்ற சொல்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அன்று அது பிறநாட்டு வணிகன். அரசன் கூப்பிட்டுக் காப்புக் கொடுக்கிற ஆள். இன்று அது எங்கள் வாயில் வசைச்சொல். அப்படி வைகிற எங்கள் பிள்ளைகள்தான் பாரிசிலும் சூரிச்சிலும் டொரொண்டோவிலும் பிறநாட்டார் தயவில் வேரூன்றினார்கள். உடைந்த மரக்கலத்தில் அவர்களுக்கு மிஞ்சிய பங்கு எவ்வளவு என்று எந்தக் கல்லிலும் வெட்டியிருக்கவில்லை.

என் அம்மம்மா பள்ளிக்கூடம் போனது குறைவு. கல்வெட்டைக் கண்டதே இல்லை. சாகும்வரை ‘ஊராத்துறை’ என்றுதான் சொன்னா. பிழையாகச் சொல்கிறா என்று நாங்கள் திருத்துவோம்.

கல்லை அம்மனிடமிருந்து பிரிக்க வேண்டாம். அதன் வாசகத்தை இன்றைய தமிழில், பெரிய எழுத்தில், ஊர்காவற்றுறையில் பாதைக்குக் காத்து நிற்கிற இடத்தில் வைக்கவேண்டும். பாதை அக்கரை போய்த் திரும்பி வருகிற நேரம், அதை இரண்டு தரம் வாசிக்கப் போதும்.