எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கட்டும். பிறகு வீடு திரும்பலாம்

நுரையீரல் நோய்க்குச் சிகிச்சை பெற்ற முதியவர் ஒருவரை அண்மையில் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தோம். அவருக்கு நாள்தோறும் பல மணி நேரம் ஆக்சிஜன் தேவை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரை மகன் வாடகைக்கு எடுத்திருந்தார். அதை எங்கே பொருத்துவீர்கள் என்று கேட்டோம். ஃபிரிட்ஜ் ஓடும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் என்றார். வீட்டில் எர்த் இணைப்பு உண்டா என்பது அவருக்குத் தெரியவில்லை.

முதியவரை மேலும் இரண்டு நாட்கள் இங்கேயே வைத்துக்கொண்டோம். முறையாகப் பயின்ற எலெக்ட்ரீஷியனைத் தேடுவதிலேயே அவற்றில் ஒன்றரை நாள் கழிந்தது. வந்தவர் சோதித்தபோது, எர்த் கம்பி சுவருக்குள் அறுந்திருந்தது தெரியவந்தது.

நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் தரும் கருவி ஏறத்தாழ 350 வாட் மின்சாரத்தில் மணிக்கணக்காக ஓடும். தளர்ந்த சாக்கெட்டும் பழுதான வயரும் அப்போது சூடேறும். ஆக்சிஜன் செறிந்த இடத்தில் சிறு பொறியும் விரைந்து தீயாகும். எம்.சி.பி. இருந்தால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். அது வயரைக் காப்பது. மின்னதிர்ச்சியிலிருந்து மனிதரைக் காக்க ஆர்.சி.சி.பி. வேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே, நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் வகையை வீடுகளில் பொருத்துவர். அதற்கு மேல் மார்பின் வழியே மின்சாரம் பாய்ந்தால் இதயத் துடிப்பே நிலைகுலையலாம்.

மருத்துவமனையிலும் இதே நிலைதான். மின்சாரம் தடைப்பட்டால் வென்டிலேட்டர் பேட்டரியில் தொடர்ந்து இயங்கும்; அதற்குள் ஜெனரேட்டர் சுமையை ஏற்கும். அந்த இடைவெளி நோயாளிக்குத் தெரியாமல் கடந்துபோவதற்குக் காரணம், எங்கள் எலெக்ட்ரீஷியன்கள் அவற்றை இடைவிடாது சோதித்து வருவதே.

இப்பணிக்கு இன்னும் பலர் பயிற்சி பெற வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் சேரலாம். பயிற்சிக் காலம் 2 ஆண்டுகள். உங்கள் வீட்டுப் பிள்ளை இதைக் கற்க விரும்பினால், மதிப்பெண் குறைந்தவர்களின் படிப்பு என்று தடுக்காதீர்கள். ஓர் உயிரைக் காக்கும் பொறுப்பை ஏற்க அப்பிள்ளை முன்வருகிறது.

ஆக்சிஜன் கருவியுடன் வீடு திரும்புவோர், எர்த், ஆர்.சி.சி.பி., கருவிக்கெனத் தனி மூன்று முள் சாக்கெட் ஆகிய மூன்றையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மின்தடை நேரத்துக்கு நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றும் அருகில் இருக்கட்டும். வேலை முடியவில்லையெனில் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் நாளைத் தள்ளிவைப்போம்.