‘எல்லாம் சேர்த்துதான் ஸார்!’

சென்னையிலிருந்து புனேவுக்கு மாற்றல். மனைவி, மகன், பிரஷர் குக்கர் எல்லாம் ரயிலில் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் நின்றது அப்பாவின் பழைய வேகன் ஆர். ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கியது. ‘‘கண்ணு சரியில்லைடா, இனிமே நீ ஓட்டு’’ என்று சாவியை நீட்டியபோதுகூட, மனுஷர் தோள் துண்டால் பானெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சுமார் 1,200 கிலோமீட்டர் ஓட்டிப் போக லீவு ஏது? டிரெய்லரில் அனுப்பலாம் என்று போன் போட்டேன். நாலு பேர் 16, 17 ஆயிரம் என்றார்கள். ஐந்தாவது ஆசாமி, ‘‘12,500... எல்லாம் சேர்த்துதான் ஸார்!’’ என்று வாட்ஸ்அப்பிலேயே மெசேஜ் தட்டிவிட்டார். அந்த ‘ஸாரி’ல் அப்படி ஒரு தேன்!

‘‘முறையா எழுதி வாங்கினியாடா?’’ என்றார் அப்பா.

‘‘இந்தக் காலத்துல யாருப்பா எழுதிக்கிட்டு...’’ என்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

வண்டி ஏற்றிய மூன்றாம் நாள் போன். குரலில் தேன் போய் வேப்பெண்ணெய்!

‘‘இன்ஷூரன்ஸ், 2 லட்சத்துக்கு 3 சதவீதம், 6,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 2,250. டோல் 1,500. மொத்தம் 22,250. இன்னிக்கே அனுப்பினாத்தான் டிரெய்லர் நகரும்.’’

‘‘எல்லாம் சேர்த்துன்னு சொன்னீங்களே?’’

‘‘எல்லா வேலையும் சேர்த்து ஸார். எல்லா செலவும்னு சொல்லலையே!’’

சாவி நம் கையில் இருக்கிறவரை பேரம் நம்முடையது. கைமாறிய நிமிஷமே அவருடையது. குறைந்த ரேட் சொல்கிறவர் பல நேரம் தரகர்தான். டிரெய்லர் வேறு யாருடையதோ!

‘‘ஓட்டை வண்டிக்கு இவ்வளவா? தலைமுழுகு!’’ என்றான் பக்கத்து சீட் நண்பன். அப்பாவின் துண்டு ஞாபகம் வந்தது. எப்படி முழுகுவது?

முன்பு லாரி ஆபீஸில் வேலை பார்த்த சீனியர் ஒருவர்தான் வழி சொன்னார். ‘‘சண்டை போடாதே. ஒவ்வொரு ரூபாய்க்கும் காகிதம் கேளு.’’

கேட்டேன். ‘‘இன்ஷூரன்ஸா? என் பேர், வண்டி நம்பரோட பாலிசி காப்பி அனுப்புங்க. ஜி.எஸ்.டி.யா? அந்த நம்பர் போட்ட பில் அனுப்புங்க. இல்லேன்னா, ‘எல்லாம் சேர்த்து’ங்கிற உங்க மெசேஜோட 1915-க்குப் புகார் போகும்.’’ (தேசிய நுகர்வோர் உதவி எண். குறித்துக்கொள்ளுங்கள்!)

இரண்டு மணி நேரம் மௌனம். பிறகு, ‘‘டோல் மட்டும் சேர்த்து 14,000 குடுங்க ஸார்!’’ பாலிசியும் இல்லை, வரியும் இல்லை என்பது புரிந்தது. 1,500 ரூபாயை அறிவுக்குக் கட்டிய ஃபீஸாக நினைத்துக் கொடுத்தேன். டிரெய்லர் எங்கள் தெருவில் நுழையாதாம். ஊருக்கு வெளியே போய் நானே ஓட்டி வந்தேன்.

உங்களுக்கும் நாளை மாற்றல் வரலாம். மொத்தம் எவ்வளவு, எதெல்லாம் அதில் சேராது, வீடு வரையா யார்டு வரையா... மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வண்டி ஏற்றும்போது தொகை குறித்த எல்.ஆர். ரசீது கேளுங்கள். நாலு பக்கமும், கிலோமீட்டர் மீட்டரையும் போட்டோ எடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். அப்புறம் சாவி!

ராத்திரி அப்பா போன் பண்ணினார். ‘‘வண்டி பத்திரமா வந்துச்சா? பேசின ரேட்தானே?’’

‘‘அதேதான்ப்பா.’’

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ‘‘எழுதி வாங்கியிருந்தா இன்னும் குறைஞ்சிருக்கும்டா’’ என்றார்.