புல் வெட்ட வந்தவர்

சான் டியாகோவில் எங்கள் அபார்ட்மென்ட்டில் புல் வெட்ட வருகிறவர் மெக்சிகோவின் ஓவாஹாகா பக்கத்துக்காரர். அம்மாவைப் பார்த்து எத்தனை வருஷம் என்று ஒருநாள் கேட்டேன். கையுறையைக் கழற்றி, பத்து விரலையும் விரித்துக் காட்டினார். மடக்கி, மறுபடி விரித்தார். எல்லையோ இங்கிருந்து அரை மணி நேரம்.

அவருடைய அப்பா அறுவடைக்கு வருவாராம், கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பிவிடுவாராம். 1942 முதல் 1964 வரை 'பிராசெரோ' ஒப்பந்தம் போட்டு, பண்ணை வேலைக்கு ஆட்களை அழைத்ததே அமெரிக்க அரசுதான். ஒப்பந்தம் போனது, வேலை இருந்தது. ஆட்கள் காகிதம் இல்லாமல் வந்து போனார்கள்.

1994-ல் 'ஆபரேஷன் கேட்கீப்பர்' வந்தது. சான் டியாகோ எல்லையில் காவல் இறுகியது. அதற்குச் சற்று முன்பே, வியட்நாம் போர்க்காலத்தில் விமானம் இறங்கத் தரையில் விரித்த இரும்புத் தகடுகளை நிமிர்த்தி இங்கே வேலியாக நட்டிருந்தார்கள். (தகடும் பாவம், எங்கே போனாலும் எல்லைச் சண்டை.) கூட்டம் அரிசோனா பாலைவனம் பக்கம் திரும்பியது. தாகத்தில் செத்தார்கள். கடத்திவிடும் 'கொயோட்டே'க்களின் கூலி ஏறியது. அத்தனை கொடுத்து வந்தவன் திரும்பிப் போவானா? தங்கினான், குடும்பத்தையும் வரவழைத்தான். சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி பல வருஷமாகச் சொல்வது இதைத்தான். 1990-ல் சுமார் 35 லட்சமாக இருந்த ஆவணமற்றோர் 2007-ல் 1 கோடியே 22 லட்சம் என்பது பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீடு.

வேலியையே பிடுங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேலை வழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்பதால், இந்தியர் வரிசை அனுமார் வால். "நாம கியூவில நிக்கிறோம், அவங்க சுவரேறிக் குதிக்கிறாங்க" என்று நண்பர்கள் பேசும்போது நானும் தலையாட்டியிருக்கிறேன்.

2021-ல் திருநெல்வேலியில் அப்பா போனார். ஊருக்குப் போனால் திரும்பி வர விசா முத்திரை வேண்டும். அதற்குத் தேதி கிடைக்கவில்லை. போகவில்லை. அண்ணன் கொள்ளி வைத்ததை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சுக்குத் தலை ஆடுவதில்லை.

போன வாரம் புல் வெட்டுகிறவரிடம் கேட்டேன்: "நாளைக்கே எல்லையைத் திறந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"ஊருக்குப் போவேன்" என்றார். இயந்திரத்தின் கயிற்றை இழுத்துக்கொண்டே, "ஜனவரியில் வந்துவிடுவேன். இங்கே புல் வளர்ந்துவிடுமே."