கிணற்றடிக்கு ஏற்ற நீளிலை மல்லி

பச்சை இலைக்காகக் கொத்தமல்லி விதைக்கும் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரே குறை கேட்கப்படுகின்றது. தை மாதத்திற் செழித்து நிற்கும் பயிர், பங்குனி வெயில் ஏறியதும் பூத்துக் காய்த்து முடிந்துவிடுகின்றது. வெப்ப நாட்களிலும் இலை வேண்டுவோர்க்கு நீளிலை மல்லி தக்கதொரு பயிராகும்.

கேரளத்தார் இதனை ஆப்பிரிக்க மல்லி என்பர். அப்பெயர் பொருந்தாது, அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளும் மேற்கிந்தியத் தீவுகளுமே இதன் தாயகம். கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் தோற்றம் வேறு. நிலத்தோடு வட்டமாகப் படிந்து விரியும் நீண்ட இலைகளின் ஓரம் வாள்போற் பல்லுடையது. மணம் கடுமையானதாகையால் இரசத்துக்கோ சொதிக்கோ இரண்டோர் இலைகளே போதும்.

இது நிழலை நாடும் பயிர். திறந்த செம்பாட்டுத் தரையில் இலை சிறுத்து முரடாகி, செடி விரைவிற் பூத்துவிடும். கிணற்றடி வாழைகளின் கீழும், மாலை நிழல் விழும் கிழக்குச் சுவரோரத்திலும் இலை அகன்று மென்மையாக வளரும். மரக்கறிப் பயிர் எதுவும் சரிவர வளராத அந்த மூலையே இதற்கு உகந்த இடமாதல் கமக்காரருக்கு இலாபம்.

விதை மிக நுண்ணியது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை அதனை அடித்துச் சென்றுவிடும். ஆதலால் மழை தணிந்தபின், மட்கிய எருவும் மணலும் கலந்த சட்டியில் விதைத்தல் நன்று. புதிய விதையையே தூவுக. முளைக்க ஒளி வேண்டுமாதலின் மண்ணால் மூடலாகாது. மெல்ல அழுத்தி, சாக்கினால் ஈரங்காத்து, முளை கண்டதும் சாக்கை எடுத்துவிடுக. முளைக்க மூன்று கிழமைகளும் செல்லலாம். அதற்குள் பொறுமையிழந்து சட்டியைக் கொட்டிவிடுவோர் பலர். நான்கைந்து இலை விட்ட நாற்றுக்களை அரை அடி இடைவெளியில் நடுக.

இலைப்பயிர் என்பதால் யூரியா இடும் எண்ணம் எழும். கிணற்றடியில் அதனை அறவே தவிர்க்க வேண்டும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல், வெடிப்புக்கள் நிறைந்தது. மேலே இட்ட நைதரசன் நைத்திரேற்றாகிக் கிணற்று நீரிற் கலக்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. எங்கள் கிணறுகள் பல அவ்வெல்லையைத் தாண்டியுள்ளமை ஆய்வுகளிற் கண்ட உண்மை. அந்நீரிற் பால்மாக் கரைத்துப் புகட்டப்படும் கைக்குழந்தைக்கே முதல் ஆபத்து. காய்ச்சினாலும் நைத்திரேற்று நீங்காது. நன்கு மட்கிய கூட்டெருவை மாதமொருமுறை சிறிதளவு இடுதல் இப்பயிருக்குப் போதும். சவர்க்கார நீர் செடியடியிற் பாயாதவாறு வாய்க்காலை விலக்குக.

நட்டு இரண்டு, மூன்று மாதங்களில் வெளியிலைகளைப் பறிக்கலாம், நடுக்குருத்தைத் தொடலாகாது. பகல் நீளும் வைகாசி, ஆனியில் நடுவிலிருந்து பூந்தண்டு எழும். எழுந்தவுடன் அடியோடு கிள்ளினால் செடி மீண்டும் இலை விடும். தண்டு முற்றினால் முட்கள் கையைக் குத்தும். விதைக்கென இரண்டொரு செடிகளை மட்டும் பூக்கவிட்டு, கதிர் பழுப்பானதும் கடதாசிப் பையிற் சேர்த்துக்கொள்க. சிந்தவிட்டால் வாழையடி முழுவதும் தானே முளைத்துக் களையாகிவிடும்.